வடக்குச் சேற்று மரங்கள்

ஊரில் அவளுக்குச் சேத்துக்காலி என்று பெயர். வைத்த புண்ணியவதி அவளுடைய நாத்தனார். அலையாத்திக் கன்று நடுகிற வேலை முடிந்து, முழங்கால் வரை கருஞ்சேறு அப்பியபடி வருகிறவள் நேரே தன் வீட்டுக்குப் போக மாட்டாள். பக்கத்து வீட்டு வாசலில் நின்று நாத்தனாரிடம் நாலு வார்த்தை பேசினால்தான் அவளுக்குப் பொழுது முடியும். அதற்குள் பளபளவென்று துடைத்து வைத்த சிமெண்டுத் தரையில் இரண்டு கால் தடம் விழுந்திருக்கும். "வந்துட்டாடி சேத்துக்காலி, இனி நான் மறுபடி துடைக்கணும்" என்று நாத்தனார் சிடுசிடுப்பாள். சேறு கழுவினால் போய்விடும், ஊர் வைத்த பெயர் போகுமா? அதுவே நிலைத்துவிட்டது. அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுவாள்.

சேற்றில் நடப்பது லேசான காரியம் இல்லை. குதிகாலை ஊன்றினால் தொலைந்தோம், இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும். முன்பாதத்தை அகலமாக வைத்து, அடுத்த காலைத் தூக்குவதற்கு முன் முதல் காலைச் சற்றே திருகி, சேற்றுக்குள் காற்று நுழையவிட்டு எடுக்க வேண்டும். அவளோடு வேலை செய்த பெண்கள் எல்லாரும் அவளிடம் அப்படித்தான் நடக்கப் பழகினார்கள். ஆம்பளைகள் யாருக்கும் அந்த நடை வரவில்லை. அவசரக்காரர்களுக்குச் சேறு வழி விடாது.

ஆறு கடலில் கலக்கிற இடத்துக்கு வடக்கே ஒரு பெரிய வெட்டவெளி உண்டு. தண்ணீர் ஏறினால் மூடிக்கொள்ளும், வற்றினால் கண்ணுக்கு எட்டின தூரம் வெறும் சேறு. வீடு கட்ட முடியாது, படகு கட்ட முடியாது, மாடு மேய முடியாது. உப்புக்குப் பிரயோஜனமில்லாத இடம் என்று ஊர் அதைக் கழித்துக் கட்டியிருந்தது. குளிர் தொடங்கினால் மட்டும் எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக உள்ளான்கள் வந்து இறங்கும். குருவியை விடக் கொஞ்சம் பெரியது, நீள மூக்கு, குச்சிக் கால். சேற்றில் மூக்கை விட்டு விட்டு எடுத்துக்கொண்டு தையல் மிஷின் மாதிரி ஓடும். அவற்றை யாரும் பிடிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மழை வருகிற மாதிரி வந்தன, போயின.

அந்தச் சேற்றில்தான் அவளுடைய மகன் கிடைத்தான்.

ஒரே மகன். அப்பாவின் படகை எடுத்துக்கொண்டு, கூட இரண்டு பேரோடு கடலுக்குப் போனவன். மதியத்துக்கு மேல் காற்று திசை மாறியது. படகு கரைக்குத் திரும்பி வருவதை ஊரே நின்று பார்த்தது. முன்பெல்லாம் என்றால் ஆற்று வாய்க்குள் நுழைந்து கரை ஏறிவிடலாம். அதற்கு முந்தின வருஷம்தான் அங்கே கருங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் கல், மறுபக்கம் மலை மலையாக அலை. படகு கிட்டே வரும், ஒதுங்க இடமில்லாமல் திரும்பும், சுற்றிக்கொண்டு மறுபடி வரும். "வந்துடு ராசா, வந்துடு" என்று அவள் குரல் போகிற வரைக்கும் கத்தினாள். அவள் புருஷன் கழுத்தளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் படகு மட்டும் வந்தது, அதுவும் குப்புற. கூட இருந்த இருவரும் வலை மிதவையைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தார்கள். மறுநாள் தண்ணீர் வற்றியபோது இவன் வடக்குச் சேற்றில் கிடந்தான். ஆம்பளைகள் பலகை போட்டுப் போய்த் தூக்கி வந்தார்கள். அவளைப் போக விடவில்லை.

புருஷன் அதோடு கடலுக்குத் தலைமுழுகினான். தண்ணீரில் கால் நனைப்பதையே விட்டுவிட்டான். ஊருக்கு வெளியே இருந்த இறால் பண்ணையில் காவல்காரனாகச் சேர்ந்தான். மகனைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. அவள் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

அடுத்து வந்த ஒரு புயலில் கடல் ஊருக்குள் புகுந்த பிறகு அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்தது. கடலைத் தடுக்க அலையாத்தி மரம் நட வேண்டும் என்று ஆபீஸில் திட்டம் போட்டார்கள். நல்ல திட்டம்தான். எங்கே நடுவது என்பதில்தான் கோளாறு. வீடுகளுக்கு முன்னால், வாய்க்கால் ஓரமாக நட்டிருக்க வேண்டும். அங்கே கொஞ்சம் நட்டார்கள். மிச்ச இடமெல்லாம் யாருடையதோ கொட்டகை, யாருடையதோ படகுத்துறை. கை வைத்தால் சண்டை. ஆகையால் சண்டைக்கு ஆள் வராத இடமாகப் பார்த்தார்கள். வடக்குச் சேற்றுக்காகப் பேச யார் இருந்தார்கள்?

கூலிக்குத்தான் அவளும் போனாள். ஆனால் அந்தச் சேற்றில் முதல் முறை காலை வைத்ததும், இது கூலிக்குச் செய்கிற வேலை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மகனைத் தூக்கி வந்த நாளில், ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு நேரே ஆம்பளைகள் குனிந்ததை அவள் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். அந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு முதல் காயை அங்கே ஊன்றினாள். அலையாத்திக் காய் முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும். நுனியைச் சேற்றில் குத்தி வைத்தால் போதும், வேர் விடும்.

அது விடவில்லை. முதல் நடவு முழுக்க அலையோடு போயிற்று. இரண்டாவது நடவில் வேர் பிடித்த மாதிரி ஆசை காட்டிவிட்டு எல்லாம் கருகின. மற்றப் பெண்கள் கையை உதறிக்கொண்டு கரை ஏறிவிட்டார்கள். அவள் விடவில்லை. ஒற்றைக் காயை நடாமல், மூன்று காய்களை ஒன்றாக வைத்து ஒரு குச்சியோடு கட்டி ஊன்றினாள். ஒன்று சாய்ந்தால் இன்னொன்று தாங்கும். அந்த யுக்தி பலித்தது. இந்த இடம் மரத்துக்கு இல்லை என்று சேறு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தது. கேட்காதவள் அவள்தான்.

மரங்கள் வளர்ந்தன. தலைக்கு மேல் உயர்ந்து, வேர்களைக் கால் மாதிரி பரப்பிக்கொண்டு நின்றன. வெளியூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து படம் எடுத்தார்கள். மூன்று காய் கட்டுகிற வித்தையைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். அவளைப் பெண்களுக்கெல்லாம் தலைவியாக்கினார்கள். தொட்டிக்கு நேரே நின்ற மரத்தின் பக்கம் மட்டும் அவள் யாரையும் விட மாட்டாள். வேலைக்குக் கிளம்பும்போது, "போய் அவனைப் பார்த்துட்டு வரேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவாள்.

உள்ளான்கள் குறைந்ததை அவளும் பார்த்தாள். பார்த்தாளே தவிர, அதற்கு அர்த்தம் ஒன்று இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஒரு மழைக்காலத்து முடிவில் பறவைக்காரர் வந்தார். அதே ஆபீஸில் புதிதாக வந்தவர். கழுத்தில் தொலைநோக்கி, காலில் பெரிய ரப்பர் பூட்ஸ். முதல் நாளே ஒரு பூட்ஸைச் சேற்றுக்குத் தாரை வார்த்துவிட்டு ஒற்றைக் காலோடு கரை ஏறினார். பெண்கள் சிரித்த சிரிப்பில் மனுஷன் வெட்கிப்போனார். அவரைச் சேற்றில் நடக்கப் பழக்கியதும் அவள்தான். பழகின பிறகு ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"விஷயத்தைச் சொல்லுங்க சார். கோவம் வருதா இல்லையான்னு அப்புறம் பார்ப்போம்."

அவர் சொன்னார். இந்தப் பறவைகள் பனி உறைகிற தேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, ராத்திரி பகல் பாராமல் பறந்து வருகிறவை. வந்து சேரும்போது உடம்பில் பாதி இருக்காது. இங்கே இறங்கிச் சேற்றுப் புழுவைத் தின்றால்தான் உயிர் தங்கும், திரும்பிப் போகவும் தெம்பு வரும். அதற்கு வெட்டவெளி வேண்டும். மரம் இருந்தால் அதற்குள் வல்லூறு ஒளிந்திருக்கும் என்று பயந்து, கிட்டேயே வராது. இந்தக் கரையில் மற்ற வெட்டவெளி எல்லாம் துறைமுகமாகவும் இறால் குட்டையாகவும் ஆகிவிட்டது.

"கடைசியா மிச்சம் இருந்தது இந்த வடக்குச் சேறுதான் அக்கா. இதுல மரம் நட்டது தப்பு. எடுத்துடணும்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. வாய்க்கால் ஓரத்து மரத்தைத் தொட மாட்டோம். வீட்டுக்குக் காவல் அதுதான். இது கடலுக்கும் வீட்டுக்கும் நடுவுலயே இல்ல."

"நடச் சொன்னது யாரு சார்?"

"எங்க ஆபீஸ்தான். தப்பு எங்களுதுதான்."

"தப்பு உங்களுது. மரம் என்னுது" என்றாள் அவள். "வெட்டுறவன் வரட்டும், பார்க்கிறேன்."

வெட்டுகிறவன் எங்கிருந்து வருவான்? அந்தச் சேற்றில் மெஷின் இறங்காது. மனுஷர் என்றால் அவளும் அவள் பழக்கிய பெண்களும்தான். அவள் தலையை ஆட்டினால் நடக்கும், ஆட்டாவிட்டால் நடக்காது. ஊர் அவள் பக்கம் நின்றது. நாத்தனார் தெருவுக்கே கேட்கிற மாதிரி பறவைக்காரரைப் பிடித்துக்கொண்டாள். "மனுஷன் செத்தப்ப எட்டிப் பார்க்காத ஆபீஸ், குருவி செத்துச்சுன்னு மாரடிக்க வந்துருச்சா?" அவர் குனிந்த தலை நிமிராமல் போனார். அன்றைக்கு அவள் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

குளிர் தொடங்கியது. ஒரு விடியற்காலை, புருஷனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு இறால் பண்ணைக்குப் போனாள். பறவை இறங்கி இறாலைக் கொத்தாமல் இருக்க, குட்டைக்குக் குறுக்கே நைலான் நரம்பை நெருக்கமாகக் கட்டியிருப்பார்கள். கட்டுவது, அறுந்தால் முடிவது எல்லாம் காவல்காரன் வேலை. அன்றைக்கு நரம்பெல்லாம் துணி காயப் போட்ட மாதிரி இருந்தது. கிட்டே போனால், உள்ளான்கள். இறக்கை முறுக்கிக்கொண்டவை, கால் மட்டும் மாட்டித் தலைகீழாகத் தொங்குகிறவை. பாதிக்கு உயிர் இருந்தது.

அவன் கரையிலிருந்து கொக்கிக் கழியால் நரம்பை இழுத்து இழுத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு கூடை நிறைந்திருந்தது.

"என்னங்க இது?"

"நேத்து சாயங்காலம் வந்துச்சுங்க. வடக்குச் சேத்துல இறங்கப் பார்த்துச்சுங்க. மரத்தைப் பார்த்துட்டுத் திரும்புச்சுங்க. சுத்திச் சுத்தி வந்துச்சுங்க. முடியல. கடைசியில தண்ணி தெரியிற இடத்துல விழுந்துச்சுங்க." அவன் கூடையைப் பார்த்தான். "வருஷா வருஷம் நடக்கிறதுதான். இந்தத் தடவை நிறைய."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"என்னன்னு சொல்ல? நீ அங்கேருந்து விரட்டுற, நான் இங்க கொல்றேன்னா? நல்ல ஜோடிப் பொருத்தம்."

அவள் கையில் ஒன்றைக் கொடுத்தான். எடையே இல்லை. மார்பெலும்பு கத்தி மாதிரி கையில் குத்தியது. அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் நரம்பைப் பார்த்தபடியே, அத்தனை வருஷமாகப் பேசாத பேச்சைப் பேசினான்.

"அன்னைக்கும் இப்படித்தான் சுத்திச் சுத்தி வந்தான். கரை தெரியுது. கால் வைக்க இடம் இல்ல."

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கையில் இருந்ததன் படபடப்பு நின்று வெகு நேரம் கழித்துத்தான் அதைக் கூடையில் போட்டாள்.

மறுநாள் பறவைக்காரரிடம் போய்ச் சொன்னாள். "எடுத்துடலாம் சார். ஒரே ஒரு மரம் மட்டும் நிக்கணும். அதைத் தொடக் கூடாது."

எந்த மரம், ஏன் என்று அவருக்கு ஊரில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்றார்.

நட்ட கையாலேயே வெட்டினார்கள். சேற்று மட்டத்துக்கு வெட்டினால் போதாது, வேரையும் பிடுங்க வேண்டும். நடும்போது ஆளுக்கு ஆள் போட்டிபோட்டுப் பாடிய பெண்கள், பிடுங்கும்போது வாயைத் திறக்கவில்லை. பாதிப் பேர் வேலைக்கே வரவில்லை. நாத்தனார் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சேத்துக்காலி வாசலுக்கு வருகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்தினாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மகனை விடக் குருவி பெரிதாகிவிட்டது அவளுக்கு என்றார்கள். அவள் காதில் விழவே சொன்னார்கள். குளிர் முடிவதற்குள் வடக்குச் சேறு பழையபடி வெட்டவெளியானது, நடுவில் ஒற்றை மரத்தைத் தவிர.

பனி தேசத்துக்குத் திரும்புகிற கூட்டம் ஒன்று அந்தப் பக்கமாக வந்தது. அவள் கரையில் நின்று பார்த்தாள். புகை மாதிரி சுழன்று, தாழ்ந்து, காலை நீட்டி, இறங்கியேவிட்டன. அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து வல்லூறு பாய்ந்தது. கூட்டம் சிதறி ஓடிற்று. வல்லூறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், அதே மரத்தில் உட்கார்ந்து இறகு பிய்த்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கூட்டம் வரவே இல்லை. இத்தனை மரம் நின்றபோது எந்த மரத்தில் உட்காருவது என்று வல்லூறுக்கும் குழப்பம் இருந்திருக்கலாம். இப்போது அவளே ஒரு சிம்மாசனம் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்ல சார், இப்படி ஆகும்னு?"

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது" என்றார் பறவைக்காரர்.

அவள் வீட்டுக்குப் போய் அரிவாளைத் தீட்டினாள். புருஷன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் படி இறங்கியபோது அவனும் எழுந்து பின்னாலேயே வந்தான். சேற்றின் விளிம்பில் நின்றுவிடுவான் என்று நினைத்தாள். அவன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். நடக்கத் தெரியாமல் இடுப்பு வரை போனான். அவள் கையைக் கொடுத்து, காலைத் திருகி எடுக்கச் சொல்லி, குழந்தையை நடத்துகிற மாதிரி மரம் வரை நடத்திக்கொண்டு போனாள்.

மரத்தடியில் அவளுக்குக் கை எழவில்லை. அரிவாளைப் பிடித்தபடி நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

"இங்க இல்ல" என்றான் அவன்.

"என்ன?"

"அவன் கிடந்தது இந்த இடம் இல்ல. நான்தானே தூக்கினேன். இன்னும் அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம்னா?"

அவன் கையை நீட்டினான். அந்தக் கை காட்டிய திசையில் கண்ணுக்கு எட்டின வரை வெறும் சேறுதான் இருந்தது. அவன் சொன்னது நிஜமா, அவள் கை துணியட்டும் என்று சொன்ன பொய்யா, அவள் கேட்கவில்லை. கேட்டால் அவனும் சொல்லியிருக்க மாட்டான். முதல் வெட்டை அவள் போட்டாள். மிச்சத்தை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். வேரைப் பிடுங்குவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அவன் மரத்தைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

திரும்பும்போது நாத்தனார் வாசலைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. கதவைச் சாத்த வந்தவள், அண்ணன் காலைப் பார்த்தாள். அந்த நாளுக்குப் பிறகு அந்தக் காலில் ஈரம் பட்டு அவள் பார்த்ததில்லை. அவன் கையிலிருந்த அரிவாளையும் பார்த்தாள்.

"உள்ள வாங்க ரெண்டு பேரும்" என்றாள்.

"தரை அழுக்காகும்" என்றாள் சேத்துக்காலி.

"ஆகட்டும் அண்ணி."

அடுத்த குளிருக்கு ஊரே ஆவலாகப் பார்த்தது. பெரிய கூட்டம் எதுவும் வரவில்லை. வர வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இத்தனை வருஷத்தில் செத்திருக்கும், போன உயிரை மரம் பிடுங்கி மீட்க முடியாது என்று பறவைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். இதற்காகவா மரத்தை வெட்டினாய் என்று கேட்கவும் ஆள் இருந்தது. அவள் தினமும் போய்க் கரையில் நின்றாள். இப்போது பார்ப்பதற்கு அங்கே எந்த மரமும் இல்லை, குறித்துக்கொள்ள எந்த இடமும் இல்லை.

ஒரு மாலை, கடல் பக்கமிருந்து கைப்பிடி அளவு கூட்டம் ஒன்று வந்தது. தாழப் பறந்தது. சேற்றுக்கு மேலே வந்து, நம்பாமல், திரும்பிப் போயிற்று. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. மறுபடி திரும்பியது. அவள் தன்னை அறியாமல் இரண்டு எட்டு முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் நின்ற புருஷனுக்கு மட்டும் கேட்கிற குரலில், "வந்துடு ராசா, வந்துடு" என்றாள்.

அவை காலை நீட்டி இறங்கின.